அடைந்து கிடக்கும் அறையை ஒழிக்கப் போகிறீர்களா? முதலில் பழைய பேப்பர் கடைக்காரரைக் கூப்பிடுங்கள்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய பேப்பர் கடையைப் பற்றித்தான் இந்த விமர்சனம். கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை, மேப்பில் தேடினாலும் வராது, அதனால் நட்சத்திரம் போட இடமில்லை. இருந்திருந்தால் ஐந்துக்கு நாலரை போட்டிருப்பேன். வீட்டில் ஓர் அறை முழுக்கச் சாமான் அடைந்துபோய், கதவைத் திறந்ததும் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் திரும்பச் சாத்திவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் சொல்லக்கூடிய மிக உபயோகமான விஷயம் இந்தக் கடைதான்.

எங்கள் வீட்டில் அதற்கு சாமான் ரூம் என்று பெயர். அப்பா அம்மா குடியிருக்கும் பழைய தனி வீடு, பின்பக்கம் ஓர் அறை, அதற்கு மேல் சுவரோடு சுவராகப் பரண். கீழே ஆளுயரத்துக்குச் செய்தித்தாள், அப்பாவின் ஆபீஸ் கோப்புகள், நானும் தம்பியும் படித்த பாடப்புத்தகம், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, டிவி வந்த அட்டைப்பெட்டி, அதற்குள் தெர்மகோல், ஒரு இலவம் பஞ்சு மெத்தை, அரசு கொடுத்த 14 இன்ச் கலர் டிவி, ஓடாத மிக்ஸி, கைப்பிடி போன குக்கர்கள். பரணில் பாட்டி காலத்துப் பித்தளை. இரும்பு டிரங்குப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது.

இந்த மாதிரி அறைக்கு ஆன்லைனில் கிடைக்கும் அறிவுரை எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. வேண்டியது, வேண்டாதது, யோசிக்க வேண்டியது என்று மூன்று குவியலாகப் பிரி, மூடி போட்ட கண்ணாடி மாதிரி டப்பா வாங்கு, லேபிள் ஒட்டு. என் சித்தி மகள் அடையாறில் இருக்கிறாள், காசு கொடுத்து வீட்டை ஒழுங்குபடுத்தித் தரும் ஒரு சேவையையே வரவழைத்தாள். நன்றாகத்தான் பிரித்தார்கள், அலமாரி பார்க்க அழகாக இருந்தது. ஆனால் வேண்டாம் என்று ஒதுக்கியதை எல்லாம் பெரிய பெரிய கறுப்புப் பைகளில் கட்டி பால்கனியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், அதை எடுத்துப்போக யாரும் இல்லை, மழை வந்ததும் பை எல்லாம் திரும்ப உள்ளே வந்தது, அப்புறம் ஒவ்வொன்றாகப் பிரிந்து மறுபடி அலமாரிக்கே போனது.

இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று உறுதியானது. அறை ஒழியாமல் கிடப்பதற்குச் சோம்பல் காரணமில்லை. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்ததும் 'இது இங்கிருந்து எங்கே போகும்?' என்ற கேள்வி வருகிறது, அதற்குப் பதில் தெரியாததால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுகிறோம். ஆகவே முதல் வேலை பிரிப்பது இல்லை. எடுத்துக்கொண்டு போக ஒருவரை ஏற்பாடு செய்வது. ஆள் வரும் நாளும் நேரமும் தெரிந்துவிட்டால் பிரிப்பது தானாக நடக்கும்.

அந்த ஆள் எங்களுக்கு அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பல வருஷமாக இங்கே கடை வைத்திருக்கிறார். போன் செய்து ஓர் அறை முழுக்க இருக்கிறது, வந்து பாருங்கள் என்றேன். சாயந்திரம் வந்தார், வாசலில் நின்றபடியே ஒரு சுற்றுப் பார்த்தார், எதையும் தொடவில்லை. "எக்கா, மேல கை வைக்காதிய. மொதல்ல தரையில கெடக்க பேப்பர எடுப்போம். நடக்க எடம் வந்தாத்தான் மத்தது" என்றார். பரணிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றுதான் அம்மா நினைத்திருந்தார், மேலே இருப்பதுதான் பழசு என்பதால். ஆனால் மேலே இருப்பதை இறக்கினால் வைக்க இடம் வேண்டுமே. தரை காலியானால்தான் ஏணி போடலாம், ஏணி போட்டால்தான் பரண். அப்புறம், செய்தித்தாள் விஷயத்தில் யாருக்கும் மனசு அடித்துக்கொள்ளாது, யோசிக்கவே தேவையில்லாத பொருள் அது. யோசிக்கத் தேவையில்லாததில் தொடங்குங்கள், ஆல்பத்திலும் கடிதத்திலும் தொடங்கினால் அன்றைக்கு வேலை அங்கேயே நின்றுவிடும்.

மறுநாள் காலை ஒரு பையனோடும் மீன்பாடி வண்டியோடும் வந்தார். வண்டி வாசலில் நிற்பது மனதுக்கு என்ன செய்கிறது என்பதை அனுபவித்தால்தான் தெரியும். அதுவரை இது இருக்கட்டும், அது இருக்கட்டும் என்றுகொண்டிருந்த என் தம்பி, வண்டி நிரம்புவதற்குள் போட்டுவிட வேண்டும் என்று பழைய நோட்டுப் புத்தகங்களை அவனாகவே கட்டிக் கொடுத்தான்.

எடை விஷயம். அண்ணாச்சி கொண்டுவருவது கொக்கி மாட்டிய எலக்ட்ரானிக் தராசு. இந்தத் தொழிலைப் பற்றிப் பொதுவாக வரும் புகாரே எடைதான், அதனால் ஒரு யோசனை: வீட்டில் பிரிக்காத 5 கிலோ அரிசிப் பை இருந்தால் முதலில் அதை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கள் அண்ணாச்சி அவரே மாட்டிக் காட்டினார். வணிகத்துக்குப் பயன்படுத்தும் தராசுக்கு அரசு முத்திரை இருக்க வேண்டும், தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. கடையில் இருக்கும் பெரிய தராசில் அந்த முத்திரை இருக்கிறதா என்று நீங்கள் பார்க்கலாம்.

விலை நாளுக்கு நாள் மாறும், ஊருக்கு ஊர் மாறும். எங்கள் பக்கம் செய்தித்தாள் கிலோ 10 ரூபாய்க்கும் 15 ரூபாய்க்கும் இடையில் போகிறது, ஆங்கிலப் பேப்பருக்குத் தமிழ்ப் பேப்பரைவிடக் கொஞ்சம் கூடுதல், புத்தகம், நோட்டு, வழவழப்பான கலர் பத்திரிகைகளுக்குக் குறைவு, அட்டைப்பெட்டிக்கு இன்னும் குறைவு. அட்டையைப் பிரித்துத் தட்டையாக்கிக் கட்டி வைத்தால் வண்டியில் இடம் மிச்சமாகும், அவருக்கும் சந்தோஷம். நனைந்த பேப்பரைத் தனியாக வையுங்கள், உள்ளே ஒளித்து வைத்துக் கட்டினால் அடுத்த முறை அவர் மொத்தத்துக்கும் எடை கழிப்பார். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும், காசுக்காக இதைச் செய்ய வேண்டாம். ஆளுயரச் செய்தித்தாளுக்கு வந்த பணத்தில் ஒரு நல்ல சாப்பாடு சாப்பிடலாம், அவ்வளவுதான். நமக்குக் கிடைப்பது காலியான தரை.

காகிதத்தில் ஒரே ஓர் இடத்தில் நிதானம் வேண்டும், அது கோப்புகள். இங்கேதான் நான் அண்ணாச்சியை இன்னொரு நாள் வரச் சொன்னேன். அப்பாவின் ஆபீஸ் கோப்பு என்று கட்டி வைத்த மூட்டைக்குள் எங்கள் வீட்டுப் பத்திரத்தின் நகல், பழைய வரி ரசீது, தாத்தா பெயரில் இருந்த வங்கி டெபாசிட் ரசீது, காகித வடிவில் இருந்த பங்குச் சான்றிதழ் எல்லாம் கலந்து கிடந்தன. இவை செல்லாத காகிதம் என்று நினைத்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 10 வருஷத்துக்கு மேல் யாரும் கேட்காத வங்கி டெபாசிட் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குப் போய்விடும், ஆனால் வாரிசுகள் எப்போது வேண்டுமானாலும் அந்த வங்கி வழியாகக் கேட்டு வாங்கலாம். எந்தெந்த வங்கியில் கிடக்கிறது என்று தேட ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்கம் என்ற இணையதளத்தைத் தொடங்கியிருக்கிறது. பங்குகளும் அப்படித்தான், தொடர்ந்து 7 வருஷம் டிவிடெண்ட் வாங்காமல் விட்டால் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றிவிடுவார்கள், உரியவர் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். அந்த மஞ்சளடித்த ரசீதிலும் சான்றிதழிலும் இருக்கும் விவரங்கள்தான் தேடுவதற்குத் துப்பு. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, எல்ஐசி பாண்டு, ஓய்வூதிய ஆணை இவற்றுக்கு ஒரு தனிப் பெட்டி வைத்து, சந்தேகமாக இருக்கும் காகிதத்தையும் அதிலேயே போட்டுவிடுங்கள், சாவகாசமாகப் படிக்கலாம்.

ஆதார், பான், பேங்க் பாஸ்புக் நகல்களைக் கிழிக்காமல் எடைக்குப் போடக் கூடாது. எடைக்குப் போன காகிதம் எல்லாம் நேராக ஆலைக்குப் போவதில்லை, ஒரு பகுதி பொட்டலம் மடிக்கப் போகிறது. செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்டாதீர்கள், மையில் இருப்பது உடம்புக்குக் கெடுதல் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 செப்டம்பரில்கூட எச்சரித்தது, ஆனாலும் சுண்டல் பொட்டலத்தில் யாரோ ஒருவரின் மருத்துவ அறிக்கையை நானே பார்த்திருக்கிறேன். கிழித்து, தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து குப்பைக்குப் போட்டால் போதும், இதற்கென்று மெஷின் வாங்கத் தேவையில்லை.

தரை காலியானதும் ஏணி. பரணில் இருந்து இறங்கிய பாத்திரங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எதையும்விட இங்கேதான் தெரியாமல் இழப்பவர்கள் அதிகம். பித்தளை அண்டா, தவலை, குடம் இவற்றை எல்லாக் கடையிலும் எடுப்பார்கள். வெண்கலம் அப்படியில்லை. உருளி, வெண்கலப் பானை, பூஜை மணி இவற்றில் செம்போடு பித்தளையில் இருப்பது போலத் துத்தநாகம் இல்லை, வெள்ளீயம் கலந்திருக்கும், அதனால் விலை கூடுதல். பித்தளைக் குவியலோடு சேர்த்து எடை போட்டால் நஷ்டம் நமக்குத்தான். தட்டிப் பார்த்தால் வெண்கலம் நீளமாக ஒலிக்கும், பித்தளை சீக்கிரம் அடங்கிவிடும். அடுத்தது ரசம் வைக்கும் ஈயச்சொம்பு. நசுங்கி, அடி உருகி, பார்க்கப் பரிதாபமாக இருக்கும். அது நல்ல வெள்ளீயமாக இருந்தால் கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் போகிற உலோகம், காரீயமோ அதில் ஒரு சிறு பங்குகூடப் போகாது, உடம்புக்கும் நஞ்சு. 'பழைய ஈயம்' என்று பொத்தாம் பொதுவாக எடை போட விட்டுவிடாதீர்கள், பாத்திரக்கடையில் காட்டிக் கேளுங்கள். கும்பகோணத்திலும் சென்னையில் மயிலாப்பூர், தி.நகர் பக்கத்திலும் இன்னும் ஈயச்சொம்பு விற்கிறார்கள், பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

இந்த விஷயத்தில்தான் அண்ணாச்சிமேல் எனக்கு மரியாதை வந்தது. அம்மா இறக்கிக் கொடுத்த சொம்பைக் கையில் வாங்கிப் பார்த்தவர், "இத எங்கிட்ட போடாதியம்மா, பாத்திரக்கடைக்குக் கொண்டு போங்க. எனக்கு இது வெல போட வராது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை.

பாட்டி பெயர் வெட்டிய பாத்திரங்களை என்ன செய்வது என்று வீட்டில் பெரிய பேச்சு. எங்கள் பாட்டி தான் வாங்கிய ஒவ்வொன்றிலும் பெயரின் முதலெழுத்தும் தேதியும் வெட்டி வைத்திருந்தார். கடைசியில் அத்தைகளுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் போட்டோ அனுப்பி யாருக்கு எது வேண்டும் என்று கேட்டோம். ஒரு குடத்துக்கு இரண்டு பேர் ஆசைப்பட்டார்கள், மற்றதற்கு ஒருவரும் இல்லை. கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் ஒரு சின்ன சொம்பையும் உருளியையும் எடுத்துச் சமையலறையில் புழங்க ஆரம்பித்திருக்கிறோம், மீதி எடைக்குப் போனது. உறவுக்காரர்களிடம் கேட்கும்போது ஒரு கடைசி நாள் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் 'எடுத்துக்கிறேன், இருக்கட்டும்' என்ற பதிலோடு எல்லாம் உங்கள் வீட்டிலேயே இருக்கும்.

இனி அண்ணாச்சி எடுக்காதவை, அல்லது எடுத்தாலும் அவரிடம் போடக் கூடாதவை. தெர்மகோல், மெத்தை, தலையணை, உடைந்த கண்ணாடி, பீங்கான், மெலமைன் தட்டு, கேசட் எதையும் அவர் தொட மாட்டார். அந்த டிவியை எடுத்துக்கொள்கிறேன் என்றார், நான்தான் கொடுக்கவில்லை. 2006 முதல் 2011 வரை அரசு வீடுவீடாகக் கொடுத்த அந்தக் குழாய் டிவிகள் இன்னும் எத்தனையோ பரண்களில் தூங்குகின்றன. அதன் படக்குழாய்க் கண்ணாடியில் காரீயம் இருக்கிறது. இதைப் பழைய இரும்போடு போட்டால் யாரோ ஒருவர் உடைத்துச் செம்பை மட்டும் எடுத்துக்கொண்டு கண்ணாடியைக் கொட்டிவிடுவார். வயர்களைக் கொளுத்திச் செம்பு எடுக்கிற புகையைச் சுவாசிப்பவர்கள் பெரும்பாலும் அந்த வேலை செய்கிற ஏழைகளும் அவர்கள் குழந்தைகளும்தான். அதனால் டிவி, கம்ப்யூட்டர், செல்போன், சார்ஜர், உப்பிய பேட்டரி, சிஎஃப்எல் பல்பு இவற்றை முறைப்படி எடுப்பவர்களிடம் கொடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி தயாரிப்பு நிறுவனங்களுக்கே இதில் பொறுப்பு உண்டு, பெரிய பிராண்டுகளின் இணையதளத்தில் பழையதை ஒப்படைக்கும் வழி போட்டிருப்பார்கள். உப்பிய பேட்டரியை மட்டும் குத்தவோ அழுத்தவோ வேண்டாம், தீப்பிடிக்கும். கொடுக்கிற நாள்வரை மண் போட்ட டப்பாவில் வையுங்கள்.

மெத்தைக்கும் உடைந்த மரச்சாமானுக்கும் சென்னைவாசிகளுக்கு இப்போது ஒரு நல்ல வழி இருக்கிறது. மாநகராட்சி 2025 அக்டோபரில் இருந்து சனிக்கிழமைகளில் சோபா, கட்டில், மெத்தை, பழைய துணி, மின்னணுக் கழிவு போன்றவற்றை வீட்டுக்கே வந்து எடுக்கிறது, 1913க்கு அழைத்தோ நம்ம சென்னை செயலியிலோ பதிவு செய்துகொள்ளலாம். இலவம் பஞ்சு மெத்தையாக இருந்தால் கொடுப்பதற்கு முன் பிரித்துப் பாருங்கள், பஞ்சு கெடாமல் இருந்தால் வெயிலில் போட்டு அடித்துப் புது உறைக்குள் தைத்துத் தரும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் பழைய மெத்தை இரண்டு தலையணையாகத் திரும்பி வந்தது, மீதிப் பஞ்சு பொடியாகிவிட்டிருந்தது.

புத்தகத்தை எடைக்குப் போடும் முன் ஒரு நிமிஷம். பாடப்புத்தகமும் கைடும் போகட்டும். ஆனால் வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து பைண்ட் செய்த தொகுப்புகள், பழைய பஞ்சாங்கம், சினிமா பாட்டுப் புத்தகம், கச்சேரி நிகழ்ச்சி நிரல், விளம்பர நோட்டீஸ் எல்லாம் பல வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. நமக்குக் குப்பை, ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு வேறு எங்கும் கிடைக்காத சான்று. தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமே கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்ததிலிருந்து 1994ல் உருவானதுதான். அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறதா, எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். நாங்கள் அம்மாவின் பைண்ட் தொகுப்புகளை மட்டும் அதற்காக ஒதுக்கி வைத்தோம். நாவல்களை அக்கம்பக்கத்து நூலகத்துக்குக் கொடுக்கலாம். 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் அரங்கு வைத்துக் கைதிகளுக்காகப் புத்தகங்களை நன்கொடையாகப் பெற்றது போல அவ்வப்போது நல்ல ஏற்பாடுகள் வரும்.

துணி பற்றிச் சுருக்கமாக. கிழிந்ததையும் சாயம் போனதையும் 'ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம்' என்று மூட்டை கட்டுவது எனக்குப் பிடிக்காது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் யாரும் தொடாமல் குவிந்து கிடந்த துணிகளைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். அந்தக் குவியல்களைப் பயன்படும் பொருளாக்கும் வேலையைக் கையில் எடுத்தவர்களில் ஒன்று கூஞ்ச், 1999ல் டெல்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய அமைப்பு, அவருக்கு 2015ல் மகசேசே விருது கிடைத்தது. அவர்கள் துணியைத் தரம் பிரித்து, கிராமங்களில் குளம் வெட்டுவது, பாதை போடுவது போன்ற வேலைகளைச் செய்தவர்களுக்கு அந்த உழைப்புக்கு ஈடாகக் கொடுக்கிறார்கள், உடுத்த முடியாத பருத்தித் துணியைச் சுத்தம் செய்து மாதவிடாய்த் துணியாகத் தைக்கிறார்கள். துவைத்து, காயவைத்து, மடித்துக் கொடுக்க வேண்டும். பட்டுப்புடவையை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், 'கிழிஞ்ச பட்டுப்புடவை வாங்குகிறோம்' என்று வண்டியில் ஸ்பீக்கர் கட்டி வருகிறவர்கள் ஜரிகையில் இருக்கும் வெள்ளிக்காகத்தான் வருகிறார்கள், வாசலில் அவசரத்தில் பேசி முடிக்காமல் இரண்டு இடத்தில் விலை கேளுங்கள்.

டிரங்குப் பெட்டித் துணியில் அந்துருண்டை வாசம் ஏறியிருக்கும். குழந்தைகளுக்கு அந்தத் துணியை எடுத்துச் சுற்றுவதற்கு முன் நன்றாகத் துவைத்து வெயிலில் காற்றாட விடுங்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும் குழந்தைகளுக்கு நாப்தலீன் பட்டால் ரத்த சிவப்பணுக்கள் சிதையும் ஆபத்து இருக்கிறது, இது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம், வீடுகளில்தான் தெரிவதில்லை. எலிப் புழுக்கை கிடக்கும் அறையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல், ஜன்னலைத் திறந்து வைத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, கையுறை போட்டுத் துடைத்து எடுங்கள்.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பெரியவர்கள் எதையும் தூக்கிப் போட விடமாட்டார்கள் என்று எல்லா வீட்டிலும் ஒரு குறை. எங்கள் வீட்டிலும் வருஷக்கணக்காக அதே பேச்சுதான். ஆனால் இந்த முறை கவனித்தேன், 'தூக்கிப் போடப் போறோம்' என்றால்தான் அப்பா மறுக்கிறார். இன்னாருக்குப் போகிறது, இதற்கு உபயோகமாகும் என்றால் அவரே எடுத்துத் துடைத்துக் கொடுக்கிறார். தட்டுப்பாட்டில் வளர்ந்து, ஒவ்வொரு பொருளையும் தவணை கட்டி வாங்கியவருக்கு அது குப்பைத்தொட்டிக்குப் போவதைப் பார்ப்பது வலிக்கிறது. அந்த வலி நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன். அண்ணாச்சியும் அப்பாவும் தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்தைப் பேசிக்கொண்டே எடை போட்டார்கள். எழுதிக் கணக்கு வைத்தது அப்பா. அப்பாவின் டைப்ரைட்டர் மட்டும் போகவில்லை, அது போகவும் வேண்டாம், கூடத்தில் வைத்திருக்கிறோம்.

இப்போது செயலியில் பதிவு செய்தால் வந்து எடுக்கும் சேவைகளும் இருக்கின்றன. அதில் ஒன்றையும் முயன்று பார்த்தேன். விலைப்பட்டியல் முன்கூட்டியே தெரிகிறது, யூபிஐயில் உடனே பணம், பேரம் இல்லை, இதெல்லாம் நல்லது. ஆனால் குறைந்தபட்ச எடை இவ்வளவு இருக்க வேண்டும் என்கிறார்கள், சொன்ன நேரத்துக்கு ஆள் வரவில்லை, வந்தவர் பட்டியலில் இல்லாததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற, மேல்மாடி அபார்ட்மெண்ட் வீட்டுக்கு, பேப்பரும் அட்டையும் மட்டும் என்றால் அது வசதி. ஓர் அறையை அடியோடு ஒழிப்பதற்கு, இது எனக்கு வேண்டாம் ஆனால் அங்கே கேளுங்கள் என்று சொல்லத் தெரிந்த மனிதர்தான் வேண்டும்.

அண்ணாச்சி கடையில் அரை நட்சத்திரம் ஏன் குறைத்தேன் என்றால், ரசீது கிடையாது, விலையை முதலிலேயே வரிசையாகச் சொல்லாமல் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது, எவர்சில்வரையும் அலுமினியத்தையும் தனித்தனியாகப் பிரித்து வைக்காவிட்டால் சேர்த்துக் குறைந்த விலைக்குப் போட்டுவிடுவார். அவர் வருவதற்குள் அவற்றைப் பிரித்து வைத்துவிட்டால் அந்தப் பிரச்சினையும் இல்லை.

ஒழிக்கும் வேலையைப் போகிக்குத் தள்ளிப்போடாதீர்கள். அந்த வாரத்தில் எல்லா வீட்டிலிருந்தும் அழைப்பு வரும், வண்டி கிடைக்காது, நேரம் இல்லாமல் கடைசியில் வாசலில் கொளுத்தத்தான் தோன்றும். 2018 போகியன்று காலை புகைமூட்டத்தில் சென்னை விமான நிலையத்தில் விமானங்களை வேறு ஊருக்குத் திருப்பி விட்டதை நிறையப் பேர் மறந்திருக்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையும் வேண்டாம், ஈரத்தில் பேப்பர் கனக்கும், துணி காயாது. பொங்கல் முடிந்து வெயில் ஏறுவதற்குள் இருக்கும் மாதங்கள்தான் சரியான காலம். எங்கள் கடை ஞாயிறு மதியத்துக்கு மேல் மூடியிருக்கும், மற்ற நாட்களில் காலை பத்து மணிக்கு மேல் போனால் அண்ணாச்சியைப் பார்க்கலாம். நேரில் போய்ச் சொல்வது நல்லது, மூட்டை தூக்கும் நேரத்தில் அவர் போனை எடுப்பதில்லை.